பகல் வெளிச்சத்தில் ஒரு மெழுகுவத்தி

கால்டர் ஊரில் ஆகஸ்ட் பிறந்தால் வீடுகள் பாடத் தொடங்கும். ஓக் வீதியின் இரு பக்கமும் வெள்ளைத் தூண் வைத்த சங்க வீடுகள், கல்லூரிப் பெண்கள் சங்கம் சங்கமாகச் சேர்ந்து வாழும் வீடுகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள். கதவுகள் சாத்தியிருக்கும். உள்ளே ஒரு கூட்டமே கைதட்டி, தரையைக் காலால் உதைத்துப் பாடிக்கொண்டிருக்கும். வெளியே, அந்த ஆண்டு கல்லூரிக்கு வந்த பெண்கள் பூப்போட்ட கவுன் முதுகில் ஒட்டிப்போக, சேர்த்துக்கொள்வார்களா என்று வரிசையில் நிற்பார்கள். மணி அடித்ததும் எல்லாக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறக்கும். அந்தச் சத்தத்தில் ஓக் மரத்து அணில்கள்கூடச் சற்று நேரம் அசையாமல் இருக்கும்.

எந்தப் பெண் எந்த வீட்டுக்குப் போகிறாள் என்பதுதான் அந்த வாரம் முழுக்க ஊர்ப் பேச்சு. வங்கியில், தேவாலயத்தில், சலூனில், எங்கே நின்றாலும் அதுதான் காதில் விழும். அவள் யாரோடு பழகுவாள், யாரைக் கட்டுவாள், நாளைக்கு யார் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கும் என்பதெல்லாம் அந்த வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது என்று அலபாமாவின் இந்தப் பக்கத்தில் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை அப்படியொன்றும் தவறில்லை.

அதே வாரத்தில் வீதியில் ஒரு வெளுத்த நீல வேனையும் பார்க்கலாம். அதிலிருந்து இறங்குபவர் லெட்டிஸ் டன்க்லின். பூக்கடைக்காரர், கறுப்பினப் பெண்மணி, அறுபதை நெருங்குகிறார். இரண்டு கைகளிலும் நீல ஹைட்ரேஞ்சாப் பூ வாளிகளோடு முன்வாசல் படியேறுவார். மற்ற பூக்கடைக்காரர்கள் எல்லாம் பின்பக்கம், சமையலறை வழியாகப் போகிறார்கள். இவர் மட்டும் முன்வாசல்.

"ஏன் மிஸ் லெட்டி?" என்று கேட்டால், "பின்பக்கம் அடுப்புச் சூடு. பூ வாடிடும்" என்பார்.

அது பொய்யில்லை. ஆனால் அது மட்டுமே காரணமில்லை.

லெட்டிக்கு ஆறேழு வயதிருக்கும்போது, கால்பந்து நடக்கும் சனிக்கிழமைகளில் அவளுடைய அப்பா ஓக் வீதி முனையில் அவித்த வேர்க்கடலை விற்பார். உப்புத் தண்ணீரில் ஊறிய கடலையின் வாசனை, தூரத்தில் விளையாட்டரங்கத்தின் இரைச்சல். கடலை மூட்டை மேல் உட்கார்ந்து அவள் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்றாவது வீடு, தூண்களில் கொடி படர்ந்தது. ஒருநாள் அது பாடியது. சன்னல்கள் மூடியிருந்தன, ஒரு ஆள்கூடக் கண்ணில் படவில்லை, ஆனால் பாட்டு வந்தது. வீடேதான் பாடுகிறது என்று அவள் நினைத்தாள். நெடுநாள் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் அந்த வீடு வரும். தூண்கள் மூச்சு விடுவதுபோல் மெல்ல விரிந்து சுருங்கும். கதவிடுக்கில் வெளிச்சம் தேன் போலக் கசியும். அவள் கையை நீட்டும்போது விழிப்பு வந்துவிடும்.

1987இல் அவள் அதே ஊர்க் கல்லூரியில் சேர்ந்தாள். சங்கச் சேர்க்கைக்குப் பெயர் கொடுக்கப் போவதாகச் சொன்னபோது, அறைத்தோழி டார்சியா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"எந்தச் சங்கம்? நம்ம பொண்ணுங்க சங்கமா?"

"இல்ல. ஓக் வீதி."

"அடியே, உனக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சா? அந்த வீட்டுக்குள்ள நம்ம ஆளு யாராவது தட்டு ஏந்தாம போயிருக்காங்களா?"

"ஒரு தடவை உள்ள போய்ப் பாக்கணும், டார்சியா. அந்தப் பாட்டு எங்க இருந்து வருதுன்னு."

"ரேடியோ வாங்கித் தரேன். இங்கயே படு."

கறுப்பினப் பெண்களைச் சேர்க்கக்கூடாது என்று அந்த வீடுகளில் எங்கும் விதி எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவை வந்ததில்லை. முதல்நாள் வருகிறவளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்து இனிமையாகப் பேசுவார்கள், இரண்டாம்நாள் அழைப்பு இருக்காது. காரணத்தை யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

ஆனால் லெட்டி விஷயத்தில் கொடி படர்ந்த வீடு ஒரு தவறு செய்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

அந்த வீட்டை நிறுவியவர் அடெலா டன்க்லின் என்ற வெள்ளைக்காரச் சீமாட்டி. சைலோ ஓடைப் பக்கத்தில் ஒரு காலத்தில் பருத்தி நிலமெல்லாம் டன்க்லின் குடும்பத்துடையது. அந்த வம்சத்துப் பெண் எவள் பெயர் கொடுத்தாலும் கடைசிநாள் வரை அழைத்தே ஆகவேண்டும் என்பது வீட்டின் வழக்கம். புகைப்படம் கேட்பதெல்லாம் மற்ற வீடுகளில். இங்கே குடும்பப் பெயரும் ஊரும் போதும். 'லெட்டிஸ் டன்க்லின், சைலோ ஓடை' என்று பார்த்ததும், ஒரு காலத்தில் அந்த வீட்டுப் பெண்களாக இருந்த மூத்த சீமாட்டிகள் மகிழ்ந்துபோனார்கள். டென்னசிக்குப் போன கிளையிலிருந்து ஒரு பெண் திரும்பி வந்திருக்கிறாள் என்று அவர்களே முடிவு கட்டினார்கள். ஓடைக்கு இந்தப் பக்கமும் டன்க்லின்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய முன்னோர் அந்தப் பருத்தி நிலத்தில் அடிமைகளாக இருந்து முதலாளியின் குடும்பப் பெயரையே பெற்றவர்கள் என்பது அவர்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

வம்சத்துப் பெண் வந்தால் வாசலில் அவளுடைய சொந்தக்காரிதான் வரவேற்க வேண்டும். அன்று வரவேற்க நின்றவள் ஃபிரான்சிஸ் டன்க்லின், கடைசி ஆண்டு மாணவி. கதவு திறந்தது. வாசல் நிறையப் பெண்கள், ஒருத்தி தோளுக்கு மேல் இன்னொருத்தி தலையாக அடுக்கி நின்று, கைதட்டிப் பாடினார்கள். ஃபிரான்சிஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"லெட்டிஸ் டன்க்லின்! எங்க இருக்க, கண்ணு?"

வரிசையில் லெட்டி கை தூக்கினாள்.

ஃபிரான்சிஸின் கைகள் விரித்தபடியே நின்றன. பின்னால் பாட்டு தொடர்ந்தது. எது நடந்தாலும் வாசல் பாட்டை நிறுத்தக்கூடாது என்பது அங்கே பாலபாடம். தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது என்று லெட்டி சொல்வார். எல்லா வாயும் அசைந்தது, எல்லாக் கண்ணும் தன்மேல், நேரம் மட்டும் நகரவில்லை. பிறகு ஃபிரான்சிஸ் அந்த விரித்த கைகளில் ஒன்றை அவள் முழங்கையில் கோத்து, வீட்டுக்குள் கூட்டிப் போனாள்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மெழுகு தேய்த்த தரை, மஞ்சள் பட்டுத் திரை. பாட்டு வந்த இடம் இதுதானா என்று அவள் கூரையைப் பார்த்தாள்.

"நீ ஓடைக்கு எந்தப் பக்கம்?" என்று ஃபிரான்சிஸ் மெதுவாகக் கேட்டாள்.

"தண்ணித் தொட்டிக்கு இந்தப் பக்கம்."

"நாங்க அந்தப் பக்கம்." ஃபிரான்சிஸ் கொஞ்சம் யோசித்தாள். "உங்க பக்கத் தண்ணியும் அழுகின முட்டை நாத்தம்தானா?"

"எங்க பக்கம் அதுல மீனும் நாறும்."

ஃபிரான்சிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சீமாட்டிகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சிரிப்பை அடக்க எலுமிச்சைச் சாற்றுக் குவளையை வாய்க்குக் கொண்டுபோனாள். அப்போதுதான் லெட்டி அவளுடைய சுண்டுவிரலைக் கவனித்தாள். நுனியில் உள்பக்கமாக, அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. தன் குவளையைப் பிடித்திருந்த தன் சுண்டுவிரலையும் பார்த்தாள். பிறகு இருவரும், யாரும் சொல்லாமலே, மாடிப்படிக்கு மேல் தொங்கிய அடெலா டன்க்லினின் ஓவியத்தைப் பார்த்தார்கள். நாற்காலிக் கைப்பிடியில் வைத்த வெள்ளைக் கை. அதே வளைந்த விரல்.

ஓடைக்கு இரு பக்கமும் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம்தான் அது. ஃபிரான்சிஸின் கொள்ளுத் தாத்தாவுக்கு இந்தப் பக்கமும் ஒரு குடித்தனம் இருந்தது. அந்தப் பக்கத்தில் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். இந்தப் பக்கத்தில் சாவு வீட்டில் மட்டும், குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

"அப்ப நிஜமாவே நீ..." என்று ஃபிரான்சிஸ் ஆரம்பித்து நிறுத்தினாள்.

"நான் எதுவும் சொல்லலியே" என்றாள் லெட்டி.

வழக்கம் வழக்கம்தான். இரண்டாம்நாளும் அழைத்தார்கள். மூன்றாம்நாளும் அழைத்தார்கள். லெட்டியை மட்டும் பக்கத்து அறையில், பியானோவுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். ஃபிரான்சிஸ் ஒவ்வொரு முறையும் அங்கே வந்து உட்கார்ந்தாள். ஓடையைப் பற்றி, பாதிரியாரின் டோப்பா ஆற்றில் விழுந்ததைப் பற்றி, எந்தப் பேராசிரியர் வகுப்பில் தூங்கலாம் என்பதைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம்நாள் கிளம்பும்போது ஃபிரான்சிஸ் அவள் கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு மெழுகுவத்தி. உனக்குத் தெரியும்ல?"

தெரியும். கடைசிநாள் பிற்பகலில் கூடத்துத் திரையை எல்லாம் இழுத்து மூடிப் பகலை இரவாக்குவார்கள். வந்த பெண்கள் கையில் ஏற்றாத மெழுகுவத்தியோடு நிற்பார்கள். வம்சத்துப் பெண்ணின் மெழுகுவத்தியைச் சொந்தக்காரி ஏற்றி, 'இவ எங்க பொண்ணு' என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டால் அவள் அந்த வீட்டுப் பெண். ஓட்டெடுப்பு கிடையாது, மறுபேச்சு கிடையாது. சொல்லாவிட்டால் ஓட்டுக்குப் போகும். லெட்டி பெயர் ஓட்டுக்குப் போனால் என்னாகும் என்று யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை.

"நான் சொல்றேன்" என்றாள் ஃபிரான்சிஸ். "மூணு வார்த்தைதான. வாய் என்ன வெந்தா போயிடும்?"

அன்று லெட்டி விடுதிக்கு நடக்கவில்லை, மிதந்து போனாள். டார்சியா தலையணையை விட்டெறிந்தாள்.

"இப்படி இளிக்காத. பயமா இருக்கு."

"சொல்றேன்னு சொல்லிட்டா, டார்சியா."

"சொல்றேன்னு சொல்றது வேற, சொல்றது வேற."

மறுநாள் கூடம் இருட்டாக இருந்தது. திரைக்கு வெளியே வெயில் கொளுத்துவது தெரியாத அளவுக்கு இருட்டு. முணுமுணுப்பாக ஒரு பாட்டு, கடலிலிருந்து வெகு தூரத்தில் படுத்திருப்பவனுக்குக் கேட்கும் அலை மாதிரி. அங்கங்கே ஒரு சுடர் பிறந்தது. "இவ எங்க பொண்ணு." இன்னொரு சுடர். "இவ எங்க பொண்ணு." அக்காக்கள் சொன்னார்கள், அத்தைகள் சொன்னார்கள், ஒரு கிழவி அழுதுகொண்டே சொன்னாள். கடைசியில் ஃபிரான்சிஸ் வந்தாள். முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. தன் சுடரை லெட்டியின் திரியில் வைத்தாள். இரண்டு வளைந்த விரல்களுக்கு நடுவே நெருப்பு பற்றியது.

மூத்த சீமாட்டிகளின் தலைவி திருமதி ஸ்டோக்லி நாற்காலியிலிருந்து குனிந்தார். குரலில் கோபமே இல்லை, அவ்வளவு கனிவு.

"ஃபிரான்சிஸ் கண்ணு, இவ உனக்கு என்ன வேணும்?"

பாட்டு தொடர்ந்தது. ஃபிரான்சிஸ் ஓவியத்தைப் பார்த்தாள், திருமதி ஸ்டோக்லியைப் பார்த்தாள். அந்த மூன்று வார்த்தையைச் சொன்னால் கொள்ளுத் தாத்தாவையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். அப்பாவையும் மாமாக்களையும் ஞாயிற்றுக்கிழமைக் குடும்பச் சாப்பாட்டு மேசையையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும்.

"இவ எங்க..." என்றாள். பிறகு, "எங்க ஊர்ப் பொண்ணு, மேடம்."

"ஓ, ஊர்ப் பொண்ணா. ரொம்ப நல்லது" என்றார் திருமதி ஸ்டோக்லி. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

லெட்டி திரும்பி, கூட்டத்துக்கு நடுவே, கையில் எரியும் மெழுகுவத்தியோடு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. முன்கதவைத் தானே திறந்துகொண்டாள். வெளியே ஆகஸ்ட் மாதத்து மூன்று மணி வெயில். அந்த வெளிச்சத்தில் சுடர் காணாமல் போனது. அணையவில்லை, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. விரலில் பட்ட சூட்டை வைத்துத்தான் எரிகிறது என்று தெரிந்துகொண்டாள். ஓக் வீதி நெடுகிலும் அவள் அப்படியே நடந்து வந்தாள். கண்ணுக்குத் தெரியாத நெருப்பைக் கையில் ஏந்தி, விடிகாலைக் கனவில் நடப்பவள் போல.

முனையில், அப்பா கடலை விற்ற இடத்தில், டார்சியா காத்திருந்தாள்.

"ஏன்டி, பட்டப்பகல்ல எதுக்கு மெழுகுவத்தி?"

"எரியுதா பாரேன். எனக்குத் தெரியல."

டார்சியா உள்ளங்கையைத் திரிக்கு மேலே காட்டினாள். "ஆமா, சுடுது." அவளுக்குப் புரிந்துவிட்டது. கேலி பேசவில்லை. "ஊதிடவா?"

"வேண்டாம்."

மெழுகு கரைந்து கையில் வழியும் வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சாதாரண வாழ்க்கை. அடுத்த வசந்தத்தில் லெட்டி, டார்சியா இருந்த கறுப்பினப் பெண்கள் சங்கத்தில் சேர்ந்தாள். அவர்களுக்கு ஓக் வீதியில் வீடு கிடையாது. உடற்பயிற்சிக் கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான் காலுதைத்து ஆடிப் பழகினார்கள். "தூண் இல்லாட்டி என்ன, நம்ம காலே தூண்தான்" என்பாள் டார்சியா. லெட்டியின் கல்யாணத்தை நடத்தியதும், இரண்டு பிரசவத்துக்கும் உடனிருந்ததும், கணவர் லானி இறந்தபோது மாதக்கணக்கில் முறைவைத்துச் சமைத்துப் போட்டதும் அந்தப் பெண்கள்தான். படிப்பு முடிந்ததும் வீதி முனைப் பூக்கடையில் வேலைக்குச் சேர்ந்த லெட்டி, பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்தினார். பூக்கடைக்கு ஓக் வீதியை விட்டால் பெரிய வாடிக்கை இல்லை. கொடி படர்ந்த வீடும் ஆள் அனுப்பியது.

"அந்த வீட்டுக்குமா குடுக்கப்போற?" என்று டார்சியா கேட்டாள்.

"பூ என்ன பாவம் பண்ணிச்சு?"

முதல் ஆகஸ்டிலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலில் ஏறினார். அன்று தொடங்கியதுதான் அந்த 'அடுப்புச் சூடு'. யாரும் தடுத்துப் பார்த்ததில்லை. பூவை அடுக்கிவிட்டு ஓவியத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார், போய்விடுவார். கனவு மட்டும் விடவில்லை. ஒவ்வோர் ஆகஸ்டிலும் வீடு வந்து பாடும்.

இப்போது அந்த வீடுகளில் கறுப்பினப் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு ஒருத்தி, இரண்டு பேர். விளம்பரப் படங்களில் மட்டும் எப்போதும் முன்வரிசை. மெழுகுவத்திச் சடங்கு இன்னும் இருக்கிறது, மூன்று வார்த்தையும் இருக்கிறது.

இந்த ஆண்டு கடைசிநாள் காலையில் லெட்டி படியேறியபோது வாசலில் புதிதாக ஒரு பெண் நின்றாள். காதில் இயர்போன், நெற்றியில் வியர்வை, கண்ணில் பதற்றம்.

"மேடம், மேடம்! பூ பின்பக்கம். இன்னைக்கு முன்வாசல்ல யாரையும் விடக்கூடாது, சாரி."

"பின்பக்கம் அடுப்புச் சூடும்மா."

"தெரியும் மேடம், ஆனா என்னைத் திட்டுவாங்க. ப்ளீஸ்."

உள்ளேயிருந்து ஒரு பெண்மணி வந்தார். நரைத்த முடி, கழுத்தில் முத்து மாலை, தோளில் மூத்த சீமாட்டிகள் அணியும் பட்டை. கல்யாணமாகி அட்லாண்டாவுக்குப் போய், போன வசந்தத்தில்தான் ஊருக்குத் திரும்பியவர். திருமதி ஸ்டோக்லி உட்கார்ந்த நாற்காலி இந்த ஆண்டு அவருடையது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடத்தில் பெண்கள் பாட்டை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசல் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மிஸ் ஃபிரான்சிஸ், இவங்க உங்களுக்கு என்ன வேணும்? தெரிஞ்சவங்களா?"

ஃபிரான்சிஸின் வாய் திறந்தது. லெட்டி வாளியைக் கீழே வைக்கவில்லை. பொறுத்திருந்தார்.

"இவங்க..." என்றார் ஃபிரான்சிஸ். "இவங்க ரொம்ப வருஷமா நமக்குப் பூ..."

அங்கேயே நின்றுவிட்டது.

லெட்டி பெருமூச்சு விட்டார். பிறகு வாசல் பெண்ணிடம் திரும்பி, முகவாயால் ஃபிரான்சிஸைக் காட்டினார்.

"நான் சொல்றேன், கேட்டுக்கோ. இவ எங்க பொண்ணு."

வாசல் பெண் சிரித்தாள். வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துவிட்டாள். கூடத்தில் பாடிக்கொண்டிருந்தவர்களில் சிலரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஃபிரான்சிஸ் சிரிக்கவில்லை. சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக அந்த வீட்டில் பாட்டும் நின்றது.

ஃபிரான்சிஸ் படியிறங்கி வந்தார். இரண்டு வாளிகளில் ஒன்றின் பிடியில், லெட்டியின் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்தார். வாளி கனமாக இருந்தது, தண்ணீர் தளும்பி அவருடைய செருப்பில் கொட்டியது.

"அவ சொன்னது காதுல விழுந்துதா?" என்றார் வாசல் பெண்ணிடம். "விழுந்துதுன்னா இன்னும் ஏன் நிக்கற? இன்னொரு பாதிக் கதவையும் திற. ரெண்டு பேர் சேர்ந்து போகணும்."

வாசல் பெண் தாழ்ப்பாளை இழுத்தாள். அந்த மறுபாதிக் கதவைத் திறந்து பழக்கமில்லை, கொஞ்சம் முரண்டு பிடித்தது.